நேபாளக் குழந்தைகள் இல்லங்களுக்குத் தொண்டாற்றச் செல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிறந்தநாளுக்கும் முன்னோரின் நினைவு நாளுக்கும் அருகிலுள்ள ஆதரவற்றோர் இல்லத்தில் ஒரு வேளை உணவளிப்பது நம்மில் பல குடும்பங்களில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். அந்த வழக்கத்தில் வளர்ந்தவருக்கு, கல்லூரி முடிந்த இடைவெளியிலோ வேலையில் கிடைத்த நீண்ட விடுப்பிலோ வெளிநாடு சென்று பெற்றோரற்ற குழந்தைகளோடு சில வாரங்கள் தங்கித் தொண்டாற்றலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றும். அப்படி யோசிப்பவர்களின் பேச்சில் நேபாளம் அடிக்கடி அடிபடுகிறது. இந்தியருக்கு விசா வேண்டியதில்லை, செலவு குறைவு, தொண்டு முடிந்த கையோடு இமயத்தையும் பார்த்துவிட்டு வரலாம். ஆகவே இவ்வழிகாட்டி நேபாளத்தையே எடுத்துக்கொள்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுகிய காலத்துக்குச் செல்லும் ஒருவர் குழந்தைகள் இல்லத்துக்குள் தங்கிக் குழந்தைகளை நேரடியாகப் பராமரிப்பதையும், அவர்களுக்கு விளையாட்டுத் தோழராக இருப்பதையும் நான் பரிந்துரைக்கவில்லை. அதே குழந்தைகளுக்காக, அவர்களைப் பொறுப்பேற்று அங்கேயே இருக்கும் பெரியவர்களுக்குத் துணையாக, செய்யக்கூடிய பணிகள் பல உண்டு. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, முறையாகத் தயாராகி, முறையாகச் செய்துவிட்டு வருவது எப்படி என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

முதல் படி: இல்லங்களில் இருப்பவர்கள் யார் என்று அறிதல்

பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது; பலர் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்ட் கிளர்ச்சிப் படைக்கும் அரசுக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களில், பிள்ளைகளைக் கிளர்ச்சிப் படையினர் பிடித்துச் சென்றுவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தையும், நல்ல பள்ளிக்கூடத்துக்கான ஏக்கத்தையும் முதலாக வைத்துத் தரகர்கள் தொழில் செய்தார்கள். காத்மாண்டுவில் பாதுகாப்பான விடுதியும் ஆங்கிலவழிக் கல்வியும் கிடைக்கும் என்று வாக்களித்து, அதற்குக் கட்டணமாகப் பெருந்தொகையும் பெற்றுக்கொண்டு, பிள்ளைகளை நகரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் அந்தத் தொகையைக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. நகரத்துக்கு வந்த குழந்தைகளுக்குப் பெற்றோர் இறந்துவிட்டதாகவோ கைவிட்டுவிட்டதாகவோ போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டன. சிலருக்குப் பெயரே மாற்றப்பட்டது. இப்படிக் காகிதத்தில் மட்டும் அநாதையாக்கப்பட்ட குழந்தைகளே பல இல்லங்களில் வெளிநாட்டு நன்கொடையாளர்களின் முன் நிறுத்தப்பட்டார்கள். கைவிடப்பட்டதாகச் சொல்லப்பட்ட நேபாளக் குழந்தைகளைத் தத்தெடுப்பதை 2010 ஆகஸ்டில் அமெரிக்கா நிறுத்தியது. அந்தக் குழந்தைகளின் ஆவணங்களை நம்ப இயலவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

போர் முடிந்தபின்னும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது, ஏனெனில் அதை நடத்திச் செல்லும் பணம் வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2010களின் நடுப்பகுதியில் நேபாள இல்லங்களில் சுமார் 15,000 குழந்தைகள் இருந்தார்கள். அந்த இல்லங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, நாட்டில் அப்போதிருந்த 75 மாவட்டங்களில் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்தில் மட்டும் அமைந்திருந்தன. தமேல் கடைவீதி காத்மாண்டுவில் இருக்கிறது; பொக்கரா ஏரிக்கரை காஸ்கியில் இருக்கிறது; காண்டாமிருகம் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் செல்லும் சௌராஹா சித்வனில் இருக்கிறது. வறுமை மிகுந்த மேற்கு மலைப்பகுதிகளை விட்டுவிட்டு, சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் இல்லங்கள் பெருகியதற்கான காரணத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கம்போடியாவிலும் இதே போக்கு காணப்பட்டது. 2005க்கும் 2010க்கும் இடையே அந்நாட்டில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த இல்லங்களிலிருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்கும் அதிகமானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். உலகெங்கும் இத்தகைய நிறுவனங்களில் வாழும் குழந்தைகளில் குறைந்தது ஐந்தில் நால்வரின் நிலை இதுவே என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009இல் மதிப்பிட்டது. எனவே, 'பெற்றோரற்ற குழந்தைகளுக்கு உதவப் போகிறேன்' என்று புறப்படுபவர், பெரும்பாலும் பெற்றோர் உள்ள, ஆனால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளிடமே போய்ச் சேருகிறார்.

இது அயல்நாட்டுக்கே உரிய குறை என்று நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. மாமல்லபுரத்து இல்லங்களைப் பற்றி 2007இல் வெளிவந்த ஒரு செய்தித்தாள் அறிக்கையை ஒட்டியே, தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவ்வழக்கில் 2017 மே 5 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் காப்பகங்களையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. மாமல்லபுரமும் வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்கும் ஊர்தான்.

இரண்டாம் படி: உங்கள் வருகை குழந்தைக்கு என்ன செய்கிறது என்று சிந்தித்தல்

இல்லத்தின் வாயிலில் கால் வைத்தவுடன் குழந்தைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வதையும், மடியில் ஏறி அமர்வதையும் சென்று வந்தவர்கள் பலர் நெகிழ்ந்து சொல்வார்கள். வீட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தை முன்பின் அறியாதவரைக் கண்டால் தாயின் பின்னால் ஒளியும். முன்பின் தெரியாத எவரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது, நிலையான பராமரிப்பாளர் இல்லாமல் வளர்ந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும் என்று குழந்தை உளவியலாளர்கள் கூறுகிறார்கள். அதைத் தன்மீது காட்டப்படும் தனி அன்பாக எடுத்துக்கொள்ளும் தொண்டர், இரண்டு வாரத்தில் விடைபெற்றுச் செல்கிறார். அடுத்த மாதம் வேறொருவர் வருகிறார். அவரும் அதே பாட்டைச் சொல்லிக்கொடுத்து, அதே படங்களை எடுத்துக்கொண்டு, மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆண்டுக்கு இருபது முறை இப்படி நெருங்கிப் பிரியும் குழந்தை, நெருக்கம் என்பது நிலைக்காதது என்று கற்றுக்கொள்வதில் வியப்பில்லை.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வொன்று இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. நிறுவனங்களில் வாழ்ந்த, 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகளில் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மறு பாதியினரோடு பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகள் அறிவுத்திறனிலும் உறவாடும் திறனிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. நல்லெண்ணம் கொண்ட விருந்தினர்கள் எத்தனை பேர் வந்தாலும், தினமும் இரவில் உடனிருக்கும் ஒரு பெரியவருக்கு ஈடாக மாட்டார்கள்.

இந்தப் புரிதல் இன்று சட்டங்களிலும் கொள்கைகளிலும் ஏறிவிட்டது. நிறுவனப் பராமரிப்பு அவசியமான சூழலில் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அநாதை இல்லங்களில் தொண்டாற்றும் திட்டங்கள் குழந்தைக் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் இடமளிக்கக்கூடும் என்று அதே சபை 2019இல் கவலை தெரிவித்தது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியபோது, இல்லங்களை நிரப்புவதற்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அக்கொடுமையின் ஒரு வகையாகக் கருதியது. நேபாளமே 2018இல் கொண்டுவந்த குழந்தைகள் சட்டத்தில், பெற்றோர், உறவினர், வளர்ப்புக் குடும்பம் என்று வரிசைப்படுத்தி, குழந்தைகள் இல்லத்தைக் கடைசியில்தான் வைத்திருக்கிறது.

மூன்றாம் படி: உங்களுக்குப் பொருந்தும் பணியைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் எளிய சோதனை இருக்கிறது. நீங்கள் செய்ய நினைக்கும் வேலையை உங்கள் சொந்த ஊரிலுள்ள ஒரு பள்ளியிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ செய்ய உங்களை அனுமதிப்பார்களா? கற்பித்தல் பயிற்சி பெறாதவரைச் சென்னைப் பள்ளி எதுவும் மூன்று வாரத்துக்கு மூன்றாம் வகுப்பை நடத்த விடாது. அதை காத்மாண்டுவில் மட்டும் செய்யலாம் என்று நினைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இச்சோதனையில் தேறும் வேலைகள் எவை? பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், குழந்தை மனநல ஆலோசனை ஆகியவற்றில் தகுதி பெற்றவர்கள், குழந்தைகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளிப்பதற்குப் பதிலாக அங்குள்ள பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். அவர்கள் திரும்பிய பிறகும் அந்தத் திறன் அங்கே தங்கும். சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர், மாற்றுத்திறன் குழந்தையை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கத் தாய்க்கும் உள்ளூர் ஆசிரியருக்கும் வழி காட்டலாம். நேபாளத்தில் மாற்றுத்திறன் குழந்தைகள் இல்லங்களுக்கு அனுப்பப்படுவதற்கு, கிராமத்தில் அதற்குரிய வசதி இல்லாததும் ஒரு காரணம் என்பதால் இப்பணிக்கு மதிப்பு அதிகம்.

மருத்துவமும் கல்வியும் சாராத தொழில்களுக்கும் இடமுண்டு. குழந்தைகளைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்க்கும் அமைப்புகள், ஒரு குழந்தையின் ஊரைக் கண்டுபிடிப்பதற்குள் பல மாதம் கோப்புகளோடு போராடுகின்றன. ஒவ்வொரு குழந்தையையும் பற்றிய கோப்புகளைப் பாதுகாப்பாக நிர்வகிக்கும் மென்பொருளை அமைத்துக் கொடுப்பது, கணக்குகளைத் தணிக்கைக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்துவது, நன்கொடை விண்ணப்பம் எழுதுவது, பணியாளர்களுக்கு எக்செல் பயிற்சி தருவது ஆகியவை படத்துக்கு அழகாக அமையாத வேலைகள். ஆனால் அந்த அமைப்புகள் வாய்விட்டுக் கேட்பவை. நம்மவர்களில் கணினித் துறையினரும் கணக்காளர்களும் இருக்கும் அளவுக்கு இத்தேவையை நிறைவு செய்ய வேறு யாரால் முடியும் என்று தெரியவில்லை.

இவ்வேலைகளில் பலவற்றுக்குப் பயணமே தேவைப்படுவதில்லை. ஐக்கிய நாடுகளின் தொண்டர் திட்டம் இணையவழித் தொண்டுப் பணிகளுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே வாரம் சில மணி நேரம் செய்யலாம். முதலில் இப்படித் தொடங்கி, அமைப்பை அறிந்துகொண்டு, அவர்கள் அழைத்தால் பின்னர் நேரில் செல்வதே நான் பரிந்துரைக்கும் வரிசை.

காலத்தைப் பற்றி ஒரு சொல். பயிற்சி அளிக்கச் செல்பவருக்கு இரண்டு வாரம் போதுமானதாக இருக்கலாம், பாடத்திட்டம் முன்பே பேசி முடிவானால். அலுவலகத்தோடு இணைந்து வேலை செய்பவருக்கு மூன்று மாதமாவது வேண்டும்; முதல் மாதம் அவர்கள் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே கழியும்.

நான்காம் படி: அமைப்பைச் சோதித்தல்

இங்குதான் அதிக நேரம் செலவிட வேண்டும். இணையத்தில் 'நேபாளம், தொண்டு, குழந்தைகள்' என்று தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு தொண்டர்களை அனுப்பும் ஏஜென்சிகள். பெரிய ஏஜென்சிகள் சில, அநாதை இல்லத் திட்டங்களைக் கடந்த சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டன. ஆயினும் வேறு பெயர்களில், 'குழந்தைப் பராமரிப்பு', 'சமூகப் பணி' என்ற தலைப்புகளில், அதே வேலை விற்கப்படுவதைக் காணலாம்.

காணொலி அழைப்பு ஒன்றை ஏற்பாடு செய்யுமாறு கேளுங்கள்; கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாக விசாரியுங்கள். உங்கள் பராமரிப்பிலுள்ள குழந்தைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள்? அவர்களோடு குழந்தைக்கு எவ்வாறு தொடர்பு இருக்கிறது? கடந்த ஆண்டு எத்தனை குழந்தைகள் வீடு திரும்பினார்கள். திரும்பிய பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள்? புதிய குழந்தை எந்த அதிகாரியின் உத்தரவின் பேரில் சேர்க்கப்படுகிறது? குழந்தைகளோடு இரவு தங்குபவர் யார். அவர் எத்தனை ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார்? எழுதப்பட்ட குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை இருந்தால் எனக்கு அனுப்ப முடியுமா? தொண்டர்களின் பின்னணியை எவ்வாறு சரிபார்க்கிறீர்கள்?

பதில்களைவிட, பதில் சொல்லும் விதம் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். குடும்பத்தோடு சேர்ப்பதையே குறிக்கோளாகக் கொண்ட அமைப்பு, எண்களையும் தோல்விகளையும் தயங்காமல் சொல்லும், ஏனெனில் அதுவே அவர்களின் அன்றாடப் பேச்சு. 'எங்கள் குழந்தைகளுக்கு யாருமே இல்லை, நாங்கள்தான் குடும்பம்' என்று உருகிப் பேசி, சான்றுகளைக் கேட்டவுடன் பேச்சை நன்கொடைப் பக்கம் திருப்பும் இடத்தை விட்டுவிடுங்கள். உங்களைப் பற்றி எதுவும் விசாரிக்காமல், காவல்துறைச் சான்றிதழும் கேட்காமல், 'எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்' என்று அழைக்கும் இல்லத்தையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு அவ்வளவு எளிதாகத் திறக்கும் கதவு, தீய நோக்கம் கொண்டவருக்கும் அதே எளிமையோடு திறக்கும்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. விருந்தினர் வரும்போதெல்லாம் குழந்தைகள் நடனம் ஆடுவது. பள்ளி நேரத்தில் குழந்தைகள் இல்லத்திலேயே இருப்பது. நன்கொடையாகத் தந்த ஆடைகளும் காலணிகளும் அடுத்த முறை காணப்படாமல் போவது. இல்லத்தின் உரிமையாளரே மேலாளராகவும் பொருளாளராகவும் இருந்து, உறவினர்களைக் கொண்டே நிர்வாகக் குழுவை நிரப்பியிருப்பது. குழந்தைகளை வேண்டுமென்றே மெலிந்தும் அழுக்காகவும் வைத்திருப்பது. கடைசியாகச் சொன்னதை நம்ப மனம் வராது. ஆனால் குழந்தையின் நிலை மேம்பட்டால் நன்கொடை குறைந்துவிடும் என்று கணக்கிடும் இடங்கள் நேபாளத்திலும் கம்போடியாவிலும் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன.

பதிவுகளையும் சரிபார்க்க வேண்டும். நேபாளத்தில் வெளிநாட்டு நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள் சமூக நலக் கவுன்சிலின் கீழ் வருகின்றன. குழந்தைகள் இல்லங்களின் மேற்பார்வையில் தேசியக் குழந்தை உரிமைக் கவுன்சிலுக்குப் பங்கு உண்டு. பதிவு இருப்பது நல்ல இடம் என்பதற்குச் சான்றாகாது. ஆனால் பதிவே இல்லாத இடத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. குழந்தைகளை ஊர் தேடிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் முன்னோடியாக, 2006இல் தொடங்கப்பட்ட நெக்ஸ்ட் ஜெனரேஷன் நேபாள் என்ற அமைப்பின் அறிக்கைகளைப் படித்தால், ஒரு நல்ல அமைப்பு என்னென்ன செய்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

ஐந்தாம் படி: பணத்தைப் பற்றிப் பேசுதல்

கட்டணம் கேட்பது மட்டுமே தவறாகிவிடாது. உங்கள் தங்குமிடம், உணவு, உங்களை வழிநடத்தும் பணியாளரின் நேரம் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. ஏழை அமைப்பு அதைத் தன் கையிலிருந்து போட வேண்டியதில்லை. எவ்வளவு தொகை எதற்குச் செல்கிறது என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். பணம் அமைப்பின் வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். தனிநபர் கணக்குக்குக் கூடாது. இந்திய ரூபாய் 1க்கு நேபாள ரூபாய் 1.60 என்ற நிலையான மாற்று விகிதம் இருப்பதால் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பது இந்தியருக்கு எளிது.

குழந்தைகளின் கையில் பணமோ கைப்பேசியோ இனிப்போ கொடுக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

ஆறாம் படி: விசாவும் ஆவணங்களும்

இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் நேபாளத்துக்குள் செல்லலாம். கடவுச்சீட்டோ, தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும். பிற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள், இலங்கை, மலேசியா, கனடா, பிரிட்டன் என எந்த நாட்டவராயினும், ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்தில் கிடைக்கும் சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை; ஊதியம் பெறாத தொண்டும் அந்தத் தடைக்குள் அடங்கும். பல ஏஜென்சிகள் இதைச் சொல்வதில்லை. 'சுற்றுலா என்று எழுதிவிடுங்கள்' என்று ஆலோசனையும் தருகின்றன. சிக்கல் வந்தால் அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்கே வரும். குழந்தைகளின் பாதுகாப்புக்காக இயங்குவதாகச் சொல்லும் அமைப்பு சட்டத்தை இவ்வாறு கையாண்டால், பிற சட்டங்களை எவ்வாறு கையாளும் என்றும் யோசிக்க வேண்டும். முறையான அமைப்பு, உரிய அரசுப் பரிந்துரையோடு தக்க விசா பெற உதவும். அதற்கு மாதங்கள் ஆகலாம். விசா தேவைப்படாத இந்தியரும், தம் பணியின் தன்மையை விளக்கும் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் அமைப்பிடமிருந்து பெற்று வைத்துக்கொள்வது நல்லது.

காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை அமைப்பு கேட்காவிட்டாலும் எடுத்துச் செல்லுங்கள். இந்தியாவில் பாஸ்போர்ட் சேவை இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். முன்பு வேலை செய்த இடத்திலிருந்து இருவரின் பரிந்துரைக் கடிதங்களும், தொழில் தகுதிச் சான்றுகளின் நகல்களும், மருத்துவமனைச் செலவையும் மலைப்பகுதியிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடும் தேவை.

ஏழாம் படி: காலமும் உடல்நலமும் மொழியும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. மலைச்சாலைகளில் நிலச்சரிவு சாதாரணம். புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும் தசைன், திஹார் பண்டிகைகளின்போது அலுவலகங்களும் பள்ளிகளும் நீண்ட நாள் மூடியிருக்கும். ஊரெல்லாம் சொந்த வீட்டுக்குத் திரும்பும் காலம் அது. குடும்பத்தோடு சேர்க்கும் அமைப்புகள், பெற்றோரைக் கண்டறிந்த குழந்தைகளை முதல் முறையாக வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பதும் பெரும்பாலும் தசைனில்தான். பணியாளர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும் அந்த வாரங்களில் புதியவர் போய் நிற்பது அவர்களுக்குச் சுமையாகும். பள்ளி ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், ஆசிரியர் பயிற்சி அளிப்பவர்கள் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே உயர நோய் வராது. 2,500 மீட்டருக்கு மேல் செல்பவர்கள் படிப்படியாக ஏற வேண்டும். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, வெறிநாய்க்கடி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி உங்களுக்காக மட்டுமன்றி, நீங்கள் சந்திக்கும் குழந்தைகளுக்காகவும் தேவை. குழாய் நீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

தேவநாகரி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் அளவுக்காவது கற்றுக்கொண்டு செல்லுங்கள். இந்தி தெரிந்தவருக்கு நேபாளி ஓரளவு புரியும். மூத்த ஆணை 'தாய்' (dai, அண்ணன்) என்றும் மூத்த பெண்ணை 'தீதி' (didi, அக்கா) என்றும் அழைப்பது வழக்கம். பராமரிப்பாளர் பெண்களைத் தீதி என்று அழைத்து, அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொண்டருக்கு, மேலாளரைச் சுற்றி வருபவருக்குத் தெரியாத பல செய்திகள் தெரியவரும்.

எட்டாம் படி: களத்தில் நடந்துகொள்ளும் முறை

அலுவலகப் பணிக்குச் சென்றவரும் குழந்தைகளைச் சந்திக்க நேரும். தனியறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் பணியாளர் ஒருவர் பார்வையில் இருக்க வேண்டும். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், இரவில் உறங்க வைத்தல் ஆகியவை உங்கள் வேலைகள் அல்ல. குழந்தை தானாகக் கையைப் பிடித்தால் உதற வேண்டியதில்லை. ஆனால் மெதுவாக அதன் பராமரிப்பாளர் பக்கம் கவனத்தைத் திருப்பிவிடுங்கள். 'அடுத்த ஆண்டு வருவேன்' என்று எந்தக் குழந்தையிடமும் சொல்ல வேண்டாம். 'உன் அப்பா அம்மா என்ன ஆனார்கள்' என்று கேட்கவும் வேண்டாம். கடத்தப்பட்ட குழந்தைகளில் சிலர், தமக்குக் கற்பிக்கப்பட்ட பொய்க் கதையையே வந்தவரிடமெல்லாம் ஒப்பிக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள். உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று அஞ்சியவர்கள்.

புகைப்படத்தைப் பொறுத்தவரை விதி கடுமையானதாகத் தோன்றலாம். குழந்தையின் முகம் தெரியும் படம் எதையும் உங்கள் கைப்பேசியில் எடுக்கவோ, முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் நிலையிலோ போடவோ கூடாது. பெயர், ஊர், இல்லத்தின் இருப்பிடம் ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியானால், குழந்தையைத் தேடும் தரகருக்கு வேலை எளிதாகிவிடும். அதோடு, பத்து ஆண்டு கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞனின் பெயரைத் தேடினால் 'அநாதைச் சிறுவன்' என்ற படம் வந்து நிற்பதை அவன் விரும்புவானா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பிறந்தநாள் அன்னதானத்தின்போது தட்டேந்திய பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கும் பழக்கத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஒன்பதாம் படி: தவறு கண்டால் செய்ய வேண்டியவை

அடித்தல், பட்டினி போடுதல், பாலியல் அத்துமீறல், குழந்தையை இரவோடிரவாக வேறிடத்துக்கு மாற்றுதல் ஆகியவற்றுக்கான அறிகுறி தென்பட்டால், நீங்களே விசாரணை நடத்த வேண்டாம். குழந்தையைக் கேள்விகளால் துளைப்பதும், மேலாளரிடம் சென்று மோதுவதும், சாட்சியத்தை அழிக்கவும் குழந்தையை மறைக்கவும் அவர்களுக்கு நேரம் கொடுப்பதில் முடியும். கண்டதை, தேதி, நேரம், இடம், கேட்ட சொற்கள் ஆகியவற்றோடு அன்றே எழுதி வையுங்கள். உங்களை அனுப்பிய அமைப்பின் குழந்தைப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறை அந்த அமைப்பின் மீதே என்றால் வெளியே செல்ல வேண்டும். நேபாளத்தின் குழந்தைகள் உதவி எண் 1098. இந்தியாவின் குழந்தைகள் உதவி எண்ணும் அதுவே என்பதால் மறக்காது. காணாமற்போன, ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கு 104; காவல்துறைக்கு 100. அயல்நாட்டுத் தொண்டர் ஒருவரே தவறு செய்வதாகத் தெரிந்தால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கும் தகவல் கொடுக்கலாம்.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவு நிலநடுக்கம் தாக்கிய பிறகு, பெற்றோரோ அதிகாரிகளின் அனுமதியோ இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்வதற்கு நேபாள அரசு தடை விதித்தது. புதிய இல்லங்களைத் தொடங்குவதையும் நிறுத்தி வைத்தது. பேரிடர் நேரத்தில் 'குழந்தைகளை மீட்டு வருகிறோம், உதவிக்கு வாருங்கள்' என்று எழும் அழைப்புகளை மிகவும் ஐயத்தோடு அணுக வேண்டும் என்பதற்கு இது காரணம்.

பத்தாம் படி: திரும்பிய பின்னும், ஏற்கெனவே உதவி வருபவர்களும்

பணி முடிந்ததும், செய்தவற்றையும் முடிக்காமல் விட்டவற்றையும் குறித்து அமைப்புக்கு ஓர் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். கடவுச்சொற்களையும் கோப்புகளையும் ஒப்படைத்துவிட்டு, உங்கள் கணினியிலுள்ள குழந்தைகளின் விவரங்களை அழித்துவிடுங்கள். குழந்தைகளோடு தனிப்பட்ட முறையில் முகநூல் நட்பு வேண்டாம். கடிதம் எழுத விரும்பினால் அமைப்பின் வழியாகவே எழுதுங்கள்.

இதைப் படிக்கும் சிலர் ஏற்கெனவே நேபாளத்திலோ வேறு நாட்டிலோ ஓர் இல்லத்துக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். வடக்கு, கிழக்கு இலங்கையின் சிறுவர் இல்லங்களுக்குப் புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர் போர்க்காலம் தொட்டு உதவி வருகிறார்கள். அவர்களுக்கும் மேலே சொன்ன கேள்விகள் பொருந்தும்: எத்தனை சிறுவர்க்குப் பெற்றோர் உண்டு, இலங்கை அரசின் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பதிவு இருக்கிறதா, வீட்டுக்கு அனுப்பும் திட்டம் என்ன? பதில் திருப்தி தராவிட்டாலும் பணத்தை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிதி வறண்ட இல்லம், குழந்தைகளைத் தயார் செய்யாமலேயே வீட்டுக்கு அனுப்பும், அல்லது இன்னும் மோசமான இடத்துக்கு மாற்றும். ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ காலக்கெடு குறித்து, அதற்குள் ஒரு சமூகப் பணியாளரை நியமித்து ஒவ்வொரு குழந்தையின் குடும்பத்தையும் கண்டறிய வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பணியாளரின் சம்பளத்தை உங்கள் நன்கொடையிலிருந்தே தரலாம். பிறகு படிப்படியாகத் தொகையைப் பள்ளிக் கட்டணம், சீருடை, ஆடு, மாடு, தாயின் சிறுதொழில் முதலீடு என்று குழந்தையின் வீட்டுக்கு மாற்றுங்கள். வீடு திரும்பிய குழந்தையை முதல் ஆண்டில் சில முறையேனும் நேரில் சென்று பார்த்து வருவதற்கான பயணச் செலவையும் இந்தக் கணக்கில் தவறாமல் சேர்க்க வேண்டும்.